வண்டியில் வீட்டுப் பேச்சு கிடையாது

பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வரும். அன்றைக்கென்று ஊரை விட்டு ஓடுகிறவர்களும் இருக்கிறோம் என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. கிரிவலத்துக்காக என் வீட்டருகே செங்கம் ரோட்டில் தடுப்பு போட்டுவிட்டால் ஆட்டோ கிடையாது, பஸ் கிடையாது. ஒரு பால் பாக்கெட் வாங்கக் கிளம்பினால்கூடக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து, அது விடுகிற இடத்தில்தான் திரும்ப முடியும். சாமி கும்பிட வருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் என் வாசல்படியிலேயே உட்கார்ந்து தயிர்சாதப் பொட்டலம் பிரித்தால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும். எனக்குக் கோபம் வருவதற்கு அவ்வளவு பெரிய காரணம்கூட வேண்டியதில்லை என்பதும் உண்மைதான்.

நாங்கள் மூன்று பேர். பாத்திரக்கடை வைத்திருக்கும் பாய், அரசுப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் டீச்சர், ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கும் நான். பாய்க்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கம்மி, டீச்சருக்குப் பத்து வயது கம்மி. அதனால் இருவருக்கும் நான் அக்கா. ஏரிக்கரையில் ஆளுக்கொரு பக்கம் பைனாகுலரோடு நின்று, ஒருவரையொருவர் சந்தேகமாக முறைத்து, பிறகு சிநேகமானவர்கள். பௌர்ணமி சமயத்தில் கடல் தண்ணீர் மற்ற நாளைவிட ஜாஸ்தி உள்வாங்கும். சேறு அகலமாக வெளியே தெரியும், கரைப்பறவைகள் இறங்கி மேயும். பனிக்காலத்துப் பௌர்ணமி விடுமுறை நாளாகவும் அமைந்துவிட்டால் பாயின் ஆம்னி வண்டியில் மரக்காணம் கிளம்பிவிடுவோம். தைப்பூசம் அப்படி வாகாக வருகிற நாள். மற்ற மாதங்களில் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஏரிகள்.

இந்தத் தைப்பூசத்துக்கு வண்டி ஏறும்போது என் மனசு சரியில்லை. மகன் ஓசூரில் இருக்கிறான். வீட்டுக்காரர் தவறியதிலிருந்து, "அங்க தனியா என்னம்மா பண்ற, வந்துடு" என்று கேட்டுக்கொண்டே இருந்தவன், அந்த வாரம் முடிவாகக் கேட்டுவிட்டான். பெரிய வீடாகப் பார்த்திருக்கிறானாம், எனக்கென்று தனி அறை இருக்கிறதாம். நான் வருவதாக இருந்தால்தான் அந்த வீட்டை எடுப்பான். பூசத்தன்று மத்தியானம் போன் செய்வேன், வருகிறாயா இல்லையா, ஒரு வார்த்தை சொல்லிவிடு என்றான். எனக்குப் போக மனசில்லை. இங்கே இருப்பதற்கு என்ன காரணம் என்று அவன் கேட்டால் சொல்லவும் தெரியவில்லை. லேப் இருக்கிறது, மலை இருக்கிறது என்றால் சிரிப்பான். இந்த இருவரில் யாராவது ஒருவர், "போகாதீங்கக்கா" என்று சொல்லிவிட்டால் போதும். அதையே பிடித்துக்கொண்டு, மாட்டேன் என்று அவனிடம் சொல்லிவிடுவேன். அதற்கு முதலில் இவர்களிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அங்கேதான் சிக்கல்.

எங்கள் வண்டியில் வீட்டுப் பேச்சு கிடையாது. சட்டம் போட்டவள் நானே. வீட்டுக்காரர் போன புதிதில், என்னை வெளியே கூட்டிப்போனால் தேவலை என்று இருவரும் வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். ஏறியதிலிருந்து ஆரம்பித்துவிட்டார்கள். சாப்பிடறீங்களாக்கா, தூக்கம் வருதாக்கா, ராத்திரி பயமா இருக்காக்கா. செஞ்சி தாண்டுவதற்குள் எனக்குப் பொறுக்கவில்லை. "வண்டிய நிறுத்துங்க பாய்! நான் பறவை பாக்க வந்தேன். துக்கம் விசாரிக்கணும்னா வீட்டுக்கு வந்து விசாரிங்க. இனிமே இந்த வண்டியில யாராவது வீட்டுக் கதை எடுத்தா நான் எறங்கிப் போயிடுவேன்" என்று கத்தினேன். இரண்டு பேருக்கும் முகம் செத்துப்போயிற்று. வெகுநேரம் கழித்துப் பாய்தான் அதை விளையாட்டாக மாற்றினார். வீட்டுப் பேச்சு பேசுகிறவர் அன்றைக்கு முழுவதும் ஸ்டாண்டைச் சுமக்க வேண்டும். ஸ்டாண்டு என்பது அவருடைய தொலைநோக்கியை நிறுத்துகிற முக்காலி. கனத்த இரும்பு. சேற்றில் அதைத் தூக்கி நடந்தால் தோள்பட்டை கழன்றுவிடும். அதற்குப் பயந்தே சட்டம் நிலைத்துவிட்டது. ஏறினால் பறவை, ரோடு, டீ, சினிமா, எலெக்ஷன். இறங்கும்வரை யார் வீட்டைப் பற்றியும் ஒரு சொல் வராது. எனக்கு அது சுகமாக இருந்தது. பல வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

விடிவதற்கு முன்பே, போலீஸ் தடுப்பு போடுவதற்குள் கிளம்பிவிட்டோம். பனி கொட்டியது. செஞ்சிக்கு முன்னால் பாறைக் குன்றுகள் இருக்கிற இடமே தெரியவில்லை. பாய் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினார். செஞ்சியில் டீக்கு நிறுத்தினோம். டீச்சர் சூடான கிளாஸைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "இன்னைக்குப் பூநாரை வரும்க்கா. எனக்குத் தோணுது" என்றாள்.

"உனக்குத் தோணினதாலதான் போன வருஷம் ஒண்ணுகூட வரல" என்றேன். சிரித்தாள். ஆள் கொஞ்சம் இளைத்திருந்தாள். பரீட்சைக்காலம், பள்ளிக்கூடத்தில் வேலை வாங்குகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திண்டிவனம் போகிற வழியில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "என் பையன் போன் பண்ணான்" என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான். பாய் ஸ்டியரிங்கைத் தட்டினார்.

"ஸ்டாண்டு! அக்காவுக்கே ஸ்டாண்டு! டீச்சர், பாத்துக்கோங்க, சட்டம் போட்டவங்களே மாட்டிக்கிட்டாங்க!"

பின்சீட்டிலிருந்து டீச்சர் கைதட்டினாள். இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூட மாட்டியதில்லை. அவர்களுக்கு அது தலைதீபாவளி மாதிரி ஆகிவிட்டது.

"அட, கேளுங்க பாய். இது வேற விஷயம்."

"ரெண்டாவது தடவ! அடுத்த ட்ரிப்புக்கும் சேத்துத் தூக்கணும்க்கா!"

நானும் சிரித்துத் தொலைத்தேன். சிரித்தபிறகு அந்தப் பேச்சை எப்படி எடுப்பது? வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். உள்ளே எரிந்தது. என்றைக்கும் பேசாதவள் வாயைத் திறக்கிறாளே, என்ன ஏது என்று கேட்போம் என ஒருவருக்காவது தோன்றவில்லையே! சட்டமாம் சட்டம். யார் போட்டதாக இருந்தால் என்ன?

மரக்காணத்தில் முதலில் உப்பளம். காலையில் கடல் ஏறி இருக்கிற நேரம், முகத்துவாரத்துச் சேறெல்லாம் முங்கிக் கிடக்கும். பறவைகள் உப்புப் பாத்தி வரப்புகளில் ஒண்டிக்கொண்டு தண்ணீர் இறங்கக் காத்திருக்கும். நான் ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தேன். வரப்பு வழுக்கியது. "குடுங்கக்கா, நான் தூக்கறேன்" என்று டீச்சர் கையை நீட்டினாள். "ஒண்ணும் வேணாம், சட்டம்னா சட்டம்" என்று வெடுக்கென்று சொன்னேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

பூநாரைகள் வந்திருந்தன. தூரத்துப் பாத்தியில், பனி விலகுகிற இடத்தில், வெளுத்த ரோஸ் நிறத்தில் ஒரு கோடு. பாய் தொலைநோக்கியைச் சரிசெய்து முதலில் டீச்சரைப் பார்க்கவிட்டார். அவள் கண்ணை வைத்தவள் எடுக்கவே இல்லை. பெரியவை சாம்பல் நிறக் குஞ்சுகளை நடுவில் விட்டுக்கொண்டு, தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து, காலால் சேற்றைக் கிளறிக் கிளறி மேய்ந்துகொண்டிருந்தன. "எவ்ளோ நேரம் ஒருத்தரே பாக்கறது?" என்று நான் தோளைத் தட்டியபிறகுதான் நகர்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "காத்துக்குத் தண்ணி வருதுக்கா" என்றாள். ஆமாம், காற்று குளிரத்தான் செய்தது.

நடுவில் ஒரு சண்டையும் போட்டோம். வரப்போரம் சேறு பூசிய காலோடு ஒரு உள்ளான் நின்றது. பச்சைக்காலி என்றேன் நான். பவளக்காலி என்றார் பாய். பவளக்காலி என்றால் கால் சிவப்பாக இருக்க வேண்டும், அந்தச் சேற்றில் எந்தக் காலைப் பார்ப்பது? "நுண்ணோக்கியில தினம் பூச்சி பாக்கறவ நான். எனக்கே பாடம் எடுக்கறீங்களா பாய்?" என்று எகிறினேன். பறவை எங்கள் சத்தம் தாங்காமல் எழும்பியது. இறக்கையின் பின்விளிம்பு முழுக்கப் பளிச்சென்று வெள்ளை. பச்சைக்காலிக்கு அந்த வெள்ளை கிடையாது. பாய் மப்ளரைச் சரிசெய்துகொண்டு வானத்தைப் பார்த்தார். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இந்த இரண்டு பேரையும் விட்டுவிட்டு ஓசூரில் போய் யாரோடு சண்டை போடுவேன் என்று அந்த நிமிஷம் நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் முகத்துவாரத்துக்குப் போனோம். தண்ணீர் இறங்கிவிட்டிருந்தது. சேறு வெகுதூரம் பளபளவென்று கிடந்தது, அதன் மேல் சின்னச் சின்ன உப்புக்கொத்திகள் ஓடுவதும் நிற்பதும் குத்துவதுமாக இருந்தன. பாய் கொண்டுவந்த சப்பாத்தியையும் என் எலுமிச்சை சாதத்தையும் பிரித்துச் சாப்பிட்டோம். டீச்சர் கடையில் வாங்கிய இட்லி கொண்டுவந்திருந்தாள். முன்பெல்லாம் அவள் வீட்டிலிருந்து பெரிய தூக்கு வரும், கொஞ்ச நாளாகக் கடைச் சாப்பாடுதான். ஏன் கடை இட்லி என்று கேட்க வாயெடுத்து, அதுவும் வீட்டுப் பேச்சாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் போன் அடித்தது. மகன்.

போனை எடுத்ததும் இருவரும் எழுந்துவிட்டார்கள். பாய் தொலைநோக்கியை ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு தள்ளிப் போனார். டீச்சர் டப்பாக்களை மூடிவிட்டு அவர் பின்னால் போனாள். நான் வேண்டுமென்றே குரலை உயர்த்தினேன். "ஓசூருக்கா? ஒரேடியாவா? இங்க வீட்ட என்னடா பண்றது?" கரையில் எங்களைத் தவிர ஆள் இல்லை, என் குரல் நன்றாகக் கேட்டிருக்கும். கேட்டது என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் பாய் இன்னும் பத்தடி தள்ளிப் போய்க் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அடுத்தவர் வீட்டு விஷயத்தைக் காதில் வாங்கக் கூடாது என்கிற மரியாதை. அந்த மரியாதையைத் தூக்கிக் கடலில் போட்டால் என்ன என்றிருந்தது எனக்கு. ஒருவராவது திரும்பி என்னைப் பார்க்கட்டும் என்று அவர்கள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா, வரியா இல்லியா?" என்றான் மகன்.

"வரேன்டா" என்றேன்.

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அவன் சந்தோஷத்தில் போனிலேயே கத்திவிட்டான், மருமகளைக் கூப்பிட்டுச் சொன்னான், குழந்தை "ஆயா வராங்க" என்று குதிக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எப்படி மாற்றிச் சொல்வது? நான் திரும்பிப் போனபோது பாய், "அக்கா, வளைஞ்ச மூக்குப் பெரிசு ஒண்ணு வந்துக்கீது, சீக்கிரம் பாருங்க" என்று இடம் விட்டார். பார்த்தேன். அது நீள மூக்கை அடிவரை சேற்றுக்குள் விட்டு எதையோ இழுத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் கலங்கலாக இருந்தது. "லென்ஸத் தொடைங்க பாய், ஒரே அழுக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

சாயங்காலம் திரும்பினோம். திண்டிவனம் ரோட்டிலேயே, ஊருக்கு வெளியே வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். பாய்க்கு வீடு அந்தப் பக்கம்தான். வண்டியைத் தெரிந்தவர் ஒருவரின் காலி மனையில் விட்டுவிட்டு, "பாத்துப் போங்கக்கா, கூட்டம் ஜாஸ்தியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் டீச்சரும் நடந்தோம். மற்ற நாட்களில் பாய் என்னை முதலில் செங்கம் ரோட்டில் இறக்கிவிட்டுப் பிறகு அவளை அடி அண்ணாமலைக்குக் கொண்டுபோய் விடுவார். அவள் மாமியார் வீடு அங்கே. நிலம், மாடு, பௌர்ணமிக்குப் பௌர்ணமி பாதையோரம் ஜூஸ் கடை என்று பெரிய குடும்பம். அன்றைக்கு அவளும் கூட்டத்தோடு நடந்துதான் போயாக வேண்டும்.

நிலா ஏறிவிட்டிருந்தது. எல்லோரும் வெறுங்காலோடு அரோகரா போட்டுக்கொண்டு போகிறார்கள், நாங்கள் இரண்டு பேர் மட்டும் சேறு அப்பிய ஷூவோடு. "செருப்போட கிரிவலம் வராளுங்க பாரு" என்று ஒரு அம்மாள் என் காதுபடச் சொன்னாள். "நாங்க வலம் வரலம்மா, வீட்டுக்குப் போறோம்" என்று நான் திருப்பிக் கொடுத்தேன். டீச்சர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பிடித்த கையை விடவில்லை. கொஞ்சதூரம் போனதும் கேட்டாள்.

"போன்ல உங்க பையனாக்கா? இப்பதான் வண்டியில இல்லியே, கேக்கலாம் இல்ல?"

 எல்லாவற்றையும் சொன்னேன். வரச் சொல்கிறான், வருகிறேன் என்று சொல்லிவிட்டேன், ஆனால் இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, இப்போது போன் செய்து மாட்டேன் என்றாலும் ஆச்சு என்று அதையும் சேர்த்துச் சொன்னேன். பிறகு காத்திருந்தேன்.

"போங்கக்கா" என்றாள் அவள்.

கோபம் வந்தால் எனக்கு டீச்சர் என்கிற மரியாதையெல்லாம் நிற்காது. "ஏன்டி, வாய் கூசாம போன்னு சொல்லிட்ட? இத்தன வருஷப் பழக்கம், ஒரு வார்த்த இருங்கன்னு சொல்லத் தோணலியா உனக்கு?"

"தோணாம இருக்குமாக்கா? எனக்காகச் சொல்லணும்னா இருங்கன்னுதான் சொல்லுவேன். ஆனா தனியா இருக்கறது நல்லா இல்லக்கா. பகல்ல ஒண்ணும் தெரியாது. சாயங்காலம் பூட்டத் தொறந்து உள்ள போயி லைட்டப் போடறோம் பாருங்க..."

"உனக்கு என்ன தெரியும் அதெல்லாம்? வீடு நெறய ஆளு உனக்கு."

"இல்லக்கா. நான் அந்த வீட்ட விட்டு வந்து ஒரு வருஷமாச்சு. அவருக்கும் எனக்கும் ஒத்து வரல. பொண்ண வேலூர்ல ஹாஸ்டல்ல விட்டுட்டேன். இங்க ஆசிரமத்துக்குப் பின்னாடி, வெள்ளக்காரங்களுக்கு விடற வீட்டு மாடியில ஒரு ரூம். உங்க தெருவுக்கு ரெண்டாவது தெரு."

நான் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். ஒரு வருஷம்! எத்தனை ஏரி, எத்தனை டீ, எத்தனை சிரிப்பு. ஒவ்வொரு தடவையும் என்னை இறக்கிவிட்டுவிட்டு அந்த வண்டி அடி அண்ணாமலைக்குப் போகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அது இரண்டு தெரு தாண்டி நின்றிருக்கிறது.

"பாய்க்குத் தெரியுமா?"

"எங்க எறக்கி விடணும்னு சொல்லணுமேக்கா."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல? வண்டியிலதான பேசக் கூடாது? வீட்டுக்கு வந்து சொல்ல என்ன கேடு?"

"உங்க கேட் வரைக்கும் ரெண்டு மூணு தடவ வந்தேன். அன்னைக்கு எங்க ரெண்டு பேரையும் பாத்துக் கத்தினீங்களே, அந்த மொகம்தான் ஞாபகம் வரும். துக்கத்தைத் தூக்கிட்டு வந்தா உங்களுக்குப் புடிக்காதுன்னு திரும்பிட்டேன். அப்புறம் எனக்கும் அது பழகிடுச்சு. மாசத்துல ஒரு நாள் அழாம இருக்கலாம்னுதான் உங்ககூட வரதே. உங்ககிட்ட சொல்லிட்டா அந்த ஒரு நாளும் போயிடுமோன்னு பயம்."

  அவள் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். இந்த ஒரு வருஷத்தில் எத்தனை சாயங்காலம், பேச ஆளில்லாமல் டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு அடுப்படியில் நின்றிருக்கிறேன். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இவளும் இருந்திருக்கிறாள்.

என் தெருமுனை வந்தது. "வாடி, உள்ள வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போ. தோச ஊத்தறேன்" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். நான் யாரையும் கெஞ்சுகிறவள் இல்லை.

அவள் தெருவுக்குள்ளே எட்டிப் பார்த்தாள். என் வீடு தெரிகிறதா என்று பார்த்தாளோ என்னவோ.

"வேணாம்க்கா" என்றாள். "இப்ப வந்து பழகிட்டேன்னா, நீங்க போனப்புறம் ரொம்பக் கஷ்டமா இருக்கும்."

என் கையை விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் இறங்கினாள். கொஞ்சதூரம் அவள் வெயிலுக்குப் போட்டிருந்த தொப்பி தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை. நான் வீட்டைத் திறந்து உள்ளே போய் லைட்டைப் போட்டேன். மகன் போனில் படம் அனுப்பியிருந்தான். சாயங்காலமே அட்வான்ஸ் கொடுத்துவிட்டானாம். எனக்கென்று சொன்ன அறை, வெள்ளைச் சுவர், ஜன்னல். குழந்தை நடுவில் நின்றுகொண்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டியது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நல்லா இருக்குப்பா என்று பதில் அனுப்பினேன்.